டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் வழி

டர்போவை மாற்றிப் பெரிதாக ஒன்றைப் போடும்போது எல்லோருடைய கவனமும் மேலேதான் இருக்கும். எவ்வளவு பூஸ்ட் (எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) வைக்கலாம், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எங்கே உட்காரும், மேனிஃபோல்டு பொருந்துமா என்று நாள்கணக்கில் பேசுவார்கள். ஆயில் உள்ளே போகிற ஃபீட் லைனுக்குக்கூட ஒரு மரியாதை கிடைத்துவிடும். கம்பி பின்னிய ஹோஸ், பளபளக்கும் ஃபிட்டிங் என்று தேடித்தேடி வாங்குவார்கள். அதே ஆயில் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வருகிற டிரெயின் லைனை மட்டும், கடைசி நாள் சாயங்காலம், கையில் மிஞ்சியிருக்கும் ஏதோ ஒரு ஹோஸை வெட்டி மாட்டிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்து சைலன்சரில் நீலப் புகை வரும். "சீல் போயிடுச்சு, டர்போவே டூப்ளிகேட்" என்று பேச்சு ஆரம்பிக்கும்.

சீல் பெரும்பாலும் போயிருக்காது. ஆயில் இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கி, கிடைத்த இடுக்கு வழியாக வெளியே வந்திருக்கும். நானும் ஒருமுறை நண்பர் வண்டியில் இதே தவறைச் செய்து, டர்போவைக் கழற்றி இன்னொன்றை மாட்டி, அதே புகையை மறுபடி பார்த்தவன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

டர்போவின் நடுவில் ஒரு ஷாஃப்ட். அதன் ஒரு முனையில் எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்பைன் சக்கரம், மறுமுனையில் காற்றை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் கம்ப்ரசர் சக்கரம். இந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றைச் சாதாரணமாகத் தாண்டும். சின்ன டர்போக்கள் 2 லட்சத்தையும் தாண்டுவதுண்டு. அந்த வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் கதை முடிந்தது. அதனால் ஜர்னல் பேரிங் வகையில் ஷாஃப்ட் ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. பால் பேரிங் வகைக்கு ஆயில் குறைவாகப் போதும், ஆனால் அதற்கும் ஆயில் இல்லாமல் முடியாது. டர்பைன் பக்கத்துச் சூட்டை வெளியே சுமந்து போவதும் இதே ஆயில்தான்.

எஞ்சினின் ஆயில் பம்ப், ரேஸ் கொடுக்கும்போது 3, 4 பார் அழுத்தத்தில் ஆயிலை டர்போவுக்குள் தள்ளுகிறது. ஆயில் பேரிங்கின் நுண்ணிய இடைவெளியில் நுழைந்து, மறுபக்கம் தெறித்து, ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் நடுக்கூட்டின் உள்ளே இருக்கும் காலியிடத்தில் விழுகிறது. பம்பின் அதிகாரம் அதோடு முடிந்தது. அங்கிருந்து, எஞ்சினின் அடியில் ஆயில் சேரும் தொட்டியான சம்ப் வரைக்கும் ஆயிலைக் கொண்டுபோக யாரும் இல்லை. தன் எடையிலேயே இறங்கினால்தான் உண்டு.

இது எவ்வளவு பலவீனமான விசை என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரியும். டர்போவின் ஆயில் வாய்க்கும், சம்பில் குழாய் சேரும் இடத்துக்கும் 30 செ.மீ. உயர வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்துக்கு நிற்கும் ஆயில் தருகிற அழுத்தம் சுமார் 0.025 பார். உள்ளே தள்ளுவது 3 பார் என்றால், வெளியே இழுப்பது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஃபீட் லைனில் இருக்கும் நெளிவு சுளிவையெல்லாம் பம்ப் பொறுத்துக்கொள்ளும். டிரெயின் லைனில் அந்தச் சலுகை கிடையாது.

இதோடு போனால் பரவாயில்லை. வெளியே வருவது சுத்தமான ஆயிலும் அல்ல. அந்த வேகத்தில் சுழலும் ஷாஃப்டிலிருந்து தெறித்து, காற்றோடு அடிபட்டு, சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்துத்தான் வருகிறது. அதோடு, டர்பைன் பக்கத்திலிருந்து கொஞ்சம் எக்ஸாஸ்ட் வாயுவும் எப்போதும் நடுக்கூட்டுக்குள் கசிந்துகொண்டிருக்கும். அதற்கும் வெளியேற வேறு வழி கிடையாது. இதே குழாயில் இறங்கி, கிரான்க் ஷாஃப்ட் சுழலும் கூடான கிரான்க் கேஸுக்குப் போய், எஞ்சின் மூச்சுவிடும் குழாயான பிரீதர் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

ஆக, டிரெயின் லைன் ஆயில் நிரம்பி ஓட வேண்டிய குழாய் அல்ல. மாடித் தண்ணீர் இறங்கும் குழாயைப் போல அடியில் திரவம் ஓட வேண்டும், மேல்பாதி காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலியிடம் வீண் இல்லை, வாயு போகிற பாதை அது. "இவ்வளவு கொஞ்சம் ஆயிலுக்கு இவ்வளவு தடிமனான ஹோஸ் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

இப்போது சீல் விஷயம். டர்போ ஷாஃப்டில் இருப்பது நாம் மற்ற இடங்களில் பார்க்கிற ரப்பர் உதட்டு ஆயில் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய உலோக வளையம், ஒரு வெட்டுக்குழியில் உட்கார்ந்திருக்கும். தேங்கி நிற்கும் ஆயிலைத் தடுத்து நிறுத்த அது படைக்கப்படவில்லை. சக்கரங்களின் முதுகுப்பக்கம் இருக்கும் வாயு அழுத்தம் நடுக்கூட்டின் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும் வரைக்கும் ஆயில் உள்ளேயே இருக்கும். நடுக்கூட்டில் ஆயில் மட்டம் ஏறினால், அல்லது அங்கே அழுத்தம் கூடினால், இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடும். ஐடிலிங்கில் சக்கரங்களின் பின்னால் அழுத்தம் ஏறக்குறைய இல்லை. வண்டி கொஞ்ச நேரம் ஐடிலில் நின்றுவிட்டுப் பிறகு ரேஸ் கொடுக்கும்போது குபீரென்று நீலப் புகை வருவது இதனால்தான். புது டர்போவில் இப்படி நடந்தால் முதல் சந்தேகம் டிரெயின் மேல் விழ வேண்டும்.

சரி, எவ்வளவு தடிமன் வேண்டும்? பொதுவாக அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. உள்விட்டத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். இந்த வேலைக்கு அதிகம் வாங்கப்படுவது ஏஎன் 10 என்ற அளவு. ஏஎன் எண்கள் பார்க்கக் குழப்பமாக இருந்தாலும் சங்கதி எளிது. அந்த எண்ணை அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்று படியுங்கள். 10 என்றால் 10/16, அதாவது ஐந்தெட்டு அங்குல உலோகக் குழாயின் வெளிவிட்டம். ஃபீட் லைனுக்கு வரும் ஏஎன் 4 என்பது கால் அங்குலம். வெளிவிட்டக் கணக்கு என்பதால் உள்வழி அதைவிடக் குறையும். ஏஎன் 10 ஹோஸின் உள்வழி சுமார் 14 மி.மீ. வரும்.

14 மி.மீ. வட்டத்தின் பரப்பு 154 சதுர மி.மீ. அதையே 10 மி.மீ. ஆக்கினால் 79 தான். விட்டத்தில் 4 மி.மீ. குறைந்ததாகத் தெரியும், வழியோ பாதியாகிவிட்டிருக்கும். இங்கே ஹோஸின் அளவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மொத்த வழியில் எந்த இடம் மிகக் குறுகலோ அதுதான் உங்கள் டிரெயினின் உண்மையான அளவு. டர்போவின் அடியில் போல்ட் செய்கிற ஃபிளாஞ்சின் ஓட்டை, கேஸ்கெட்டின் ஓட்டை, ஹோஸ் மாட்டும் முள்முனையின் உள்பக்கம், வளைவு ஃபிட்டிங்கின் மூலை, சம்பில் இருக்கும் துளை என்று ஒவ்வொன்றையும் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

நண்பர் வண்டியில் எங்களைக் கவிழ்த்தது இதுதான். ஹோஸ் நல்ல தடிமன். வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது. இரண்டாவது டர்போவும் புகைந்த பிறகு, வெறுத்துப்போய் ஃபிளாஞ்சைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம். கேஸ்கெட் வேறு மாடலுக்கானது. போல்ட் ஓட்டைகள் கச்சிதமாகப் பொருந்தியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் நடு ஓட்டை சிறியது, கொஞ்சம் ஒரு பக்கமாகவும் தள்ளியிருந்தது. 10 மி.மீ. டிரில் பிட்டின் பின்பக்கத்தை நுழைத்துப் பார்த்தோம், நுழையவில்லை. ஒரு காகிதத் தகடு எங்களை இரண்டு டர்போ கழற்ற வைத்திருக்கிறது.

அளவுக்கு அடுத்தது வாட்டம். என்னைக் கேட்டால் அளவைவிட இதுவே முக்கியம். தளம் போடுகிற கொத்தனாரிடம் கேட்டால் தெரியும், தண்ணீர் ஓட வாட்டம் எங்கேயும் முறியக் கூடாது என்பார். இங்கேயும் அதே விதிதான். டர்போவின் வாயிலிருந்து சம்ப் வரை குழாய் ஒவ்வொரு அங்குலமும் கீழ்நோக்கியே போக வேண்டும். கொஞ்ச தூரம் மட்டமாக ஓடிப் பிறகு இறங்குவதே அரைகுறை ஏற்பாடு. நடுவில் தொங்கி மறுபடி ஏறுகிற குழாய் என்றால் கை கழுவும் தொட்டியின் அடியில் இருக்கும் யு வளைவு மாதிரி ஆகிவிடும். அந்தத் தாழ்விடத்தில் ஆயில் எப்போதும் நின்றுகொண்டிருக்கும், வாயு போகிற பாதை அடைபடும். எஞ்சினை அணைத்த பிறகு அங்கே நிற்கும் ஆயில் பக்கத்திலிருக்கும் எக்ஸாஸ்ட் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். நாளாக ஆக வழியும் குறுகும்.

வாட்டம் டர்போவிலேயே தொடங்குகிறது. நடுக்கூட்டில் ஃபீட் மேலேயும் டிரெயின் நேர் கீழேயும் இருக்கும்படி டர்போ உட்கார வேண்டும். செங்குத்துக் கோட்டிலிருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 35 டிகிரிக்குள் இருக்கலாம் என்று கேரட் நிறுவனம் தன் டர்போக்களுக்குச் சொல்கிறது. இருக்கலாம் என்பதற்காக 35 வரை சாய்க்க வேண்டியதில்லை, நேராக வைக்க முடிந்தால் நேராகவே வையுங்கள். புது டர்போவை மேனிஃபோல்டில் வைத்துப் பார்க்கும்போது டிரெயின் வாய் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறதா? பயப்பட வேண்டாம். டர்பைன் கூட்டையும் கம்ப்ரசர் கூட்டையும் பிடித்திருக்கும் போல்டுகளையோ வளையப்பட்டியையோ தளர்த்தினால் நடுக்கூட்டைத் தனியாகத் திருப்ப முடியும். மெக்கானிக்குகள் இதை கிளாக்கிங் என்பார்கள். அப்போது கம்ப்ரசர் கூடு கோணலாகச் சாய்ந்து சக்கரத்தின் இதழ்களில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேசாக வளைந்த ஒரு இதழ் போதும், டர்போ வீண்.

90 டிகிரி வளைவுகளைத் தவிர்க்கவும். வேறு வழியே இல்லையென்றால் 45 டிகிரி ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். வெட்டிச் செய்த கூர்மூலை முழங்கையைவிட, மெதுவாக வளைகிற குழாய் எவ்வளவோ மேல்.

வாட்டத்தைச் சோதிக்க நான் செய்வது ஒரு மலிவான வேலை. உண்மையான ஹோஸை வெட்டுவதற்கு முன், அதே தடிமனில் ஒரு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபை அதே வழியில் கட்டிப் பார்ப்பேன். மேலிருந்து ஒரு சின்னப் புனலில் கொஞ்சம் பழைய ஆயிலை ஊற்றினால் அது எங்கே தயங்குகிறது, எங்கே நிற்கிறது என்று கண்ணுக்கு நேராகத் தெரியும். ஊற்றி முடித்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். டியூபில் எங்காவது ஆயில் குட்டையாக நின்றால் பாதையை மாற்ற வேண்டும். ஒரு எச்சரிக்கை: இதை வண்டி நான்கு சக்கரத்திலும் மட்டமான தரையில் நிற்கும்போது செய்ய வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு வாட்டம் பார்த்துவிட்டு, வண்டியை இறக்கியதும் எல்லாம் மாறிப்போனவர்கள் நிறையப் பேர்.

கீழ்முனை எங்கே சேர வேண்டும்? சம்பில், ஆயில் மட்டத்துக்கு மேலே. ஒரு டம்ளர் தண்ணீருக்குள் உறிஞ்சுகுழலின் நுனியை முக்கி ஊதிப் பாருங்கள். நுனி தண்ணீருக்கு மேலே இருந்தால் காற்று சும்மா போகும், உள்ளே இருந்தால் கொப்பளித்துக்கொண்டு எதிர்க்கும். டிரெயின் வாய் ஆயிலில் மூழ்கியிருந்தால் அதே எதிர்ப்பு நம் 0.025 பார் விசைக்கு வந்து சேரும். டிப்ஸ்டிக்கில் இருக்கும் மேல்கோடு சம்பின் வெளிப்பக்கத்தில் எந்த உயரத்தில் வருகிறது என்று முதலில் கண்டுபிடித்து, சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலேதான் துளை. முடிந்தவரை உயரமாக. மேடு ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி மட்டம் ஏறும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் மட்டும் போதாது. உள்ளே கிரான்க் ஷாஃப்ட் சுழலும்போது ஆயிலை மழை மாதிரி ஒரு திசையில் விசிறியடிக்கும். அந்த மழை நேராக வந்து விழுகிற சுவரில் துளை போட்டால், இறங்க வேண்டிய ஆயிலை அது எதிர்த்துத் தள்ளும். சில எஞ்சின்களில் டர்போ வைத்த மாடலும் உண்டு, டர்போ இல்லாத மாடலும் உண்டு. அப்படியானால் டர்போ இல்லாத பிளாக்கிலும் டிரெயினுக்கான இடம் அடைப்பு போட்டு வைக்கப்பட்டிருக்கலாம். துளை போடும் முன் தேடிப் பாருங்கள், இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

துளை போட்டே ஆக வேண்டும் என்றால் சம்பைக் கழற்றிக் கீழே வைத்துப் போடுங்கள். வண்டியிலேயே வைத்து, டிரில் பிட்டில் கிரீஸ் தடவிக்கொண்டு, "துருவல் எல்லாம் கிரீஸிலேயே ஒட்டிக்கும்" என்று செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டாத அந்த ஒரு துண்டு ஆயில் பம்பின் வாய்க்குத்தான் போகும் என்பது என் பயம். தகடு சம்ப் மெல்லியது, அதில் நேராக மரை வெட்டினால் இரண்டு சுற்றுகூடப் பிடிக்காது. மரையுள்ள ஒரு தடித்த வளையத்தை வெல்டிங் வைப்பதே நிரந்தரத் தீர்வு. அலுமினிய சம்ப் என்றால் டிக் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆயில் ஊறிய அலுமினியத்தை நன்றாகக் கழுவாமல் வைத்த வெல்டிங் ஊசித்துளை விடும். வெல்டிங்குக்கு வழியில்லை என்றால், உள்ளே நட்டும் இரண்டு பக்கமும் சீலிங் வாஷரும் வைத்து இறுக்குகிற பல்க்ஹெட் ஃபிட்டிங் போடலாம்.

ஹோஸ் வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் பொருளைப் பாருங்கள். ரேடியேட்டர் ஹோஸ் வேண்டவே வேண்டாம். தண்ணீருக்காகச் செய்த ரப்பர் சூடான ஆயிலில் ஊறி, உப்பி, உள்பக்கம் உரிந்து தொங்கும். அந்தத் தொங்கலே அடைப்பாகும். சாதாரண சிலிக்கான் ஹோஸ் பார்க்க அழகு, ஆனால் ஆயிலைத் தாங்காது, மெதுவாக வியர்க்க ஆரம்பிக்கும். உள்ளே ஃப்ளோரோசிலிக்கான் பூச்சு உள்ளதென்றால் சரி. நைட்ரைல் ரப்பர் ஹோஸ், டெஃப்லான் உள்ளுறை வைத்த ஹோஸ் இரண்டும் ஆயிலுக்குப் பழகியவை. எக்ஸாஸ்ட் ரொம்ப நெருக்கம் என்றால் மேல்பாதியை எஃகுக் குழாயாகச் செய்து, கீழே மட்டும் ஒரு சிறு துண்டு ஹோஸ் வைப்பது நல்லது. முழுக்க எஃகாகச் செய்யாதீர்கள். மேனிஃபோல்டு சூட்டில் விரியும்போது டர்போவும் நகரும், அந்த அசைவுக்கு எங்காவது ஒரு நெகிழ்வு வேண்டும். வெப்ப உறை ஒன்றும் மாட்டிவிடுங்கள்.

ஃபிளாஞ்சுக்கு கேஸ்கெட் போதும். சிலிக்கான் பேஸ்டைத் தாராளமாகப் பிதுக்கினால் உள்பக்கமும் பிதுங்கி வழியைக் குறைக்கும். ஃபீட் பக்கம் பேஸ்ட் போடுவது இன்னும் மோசம், பிய்ந்த துணுக்கு நேராக பேரிங்குக்குப் போகும். பால் பேரிங் டர்போ என்றால் ஃபீட் வாயில் ஆயில் வரத்தைக் குறைக்க 1 மி.மீ. அளவு துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் தேவைப்படலாம். தயாரிப்பாளர் சொன்ன அளவைப் போடுங்கள். அதை விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல டிரெயினும் வருகிற ஆயிலை இறக்கித் தள்ளாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் புகை வந்தால் கிரான்க் கேஸைப் பாருங்கள். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசியும் வாயு அங்கே சேர்கிறது. பூஸ்ட் கூட்டினால் அதுவும் கூடும். பழைய பிரீதர் குழாய் அதற்குப் போதாமல் போகலாம், அல்லது அந்த வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வு அடைத்திருக்கலாம். ஆயில் கீழே இறங்கப் பார்க்க, கிரான்க் கேஸ் அழுத்தம் அதே குழாயில் மேலே ஏறி நடுக்கூட்டில் உட்கார்ந்துகொள்ளும். 0.025 பார் என்பது எவ்வளவு சின்னது என்று மேலே பார்த்தோம். அந்த அளவு அழுத்தம் கிரான்க் கேஸில் சேர்ந்தாலே ஆட்டம் முடிந்தது.

டர்போவே சம்பைவிடத் தாழ்வாக, வண்டியின் பின்பக்கம் எங்கோ மாட்டப்பட்டிருந்தால் வாட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஆயிலை இழுத்துத் திருப்பி அனுப்ப ஸ்கேவெஞ்ச் பம்ப் வேண்டும். சூடான நுரை ஆயிலை இழுக்கவென்றே செய்த பம்பாக இருக்க வேண்டும். அது நின்றால் உடனே தெரியும்படி ஒரு எச்சரிக்கை விளக்கும் வேண்டும். முதல் டர்போ வேலையை இதில் ஆரம்பிக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. ஸ்டார்ட் செய்யும் முன் ஃபீட் வாயில் கொஞ்சம் சுத்தமான ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். பிறகு எரிபொருளை நிறுத்திவைத்து, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் ரேஸ் கொடுக்காமல் சில நிமிடம் ஐடிலில் விட்டு, ஃபிளாஞ்ச், கிளாம்ப், சம்ப் ஃபிட்டிங் மூன்றையும் விளக்கடித்துப் பாருங்கள். சூடேறி ஆறிய பிறகு கிளாம்பை ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும்.

டிரெயினைச் சரிசெய்த பிறகும் முதல் சில நாள் புகை வரலாம். முன்பு கசிந்த ஆயில் சைலன்சரிலும் இன்டர்கூலரிலும் குடியிருக்கும், அது எரிந்து தீர வேண்டும். நண்பர் வண்டியில் சரியான கேஸ்கெட் போட்ட பிறகும் புகை நிற்காததைப் பார்த்து, மூன்றாவது டர்போவுக்கு விலை கேட்கிற அளவுக்குப் போய்விட்டோம். கடைசியில் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்ததில் ஒரு டம்ளர் ஆயில் வந்தது. துடைத்து மாட்டினோம். நாலைந்து நாளில் புகை நின்றது. ஓடுவது அதே இரண்டாவது டர்போதான்.